பாலக்கரையிலிருந்து பஞ்சப்பூருக்கு எத்தனை மைல்?

(திருச்சியில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



நகர அபிவிருத்தி என்ற பேச்சு நம் ஊரில் நெடுநாளாக அடிபடுகிறது. பழைய திருச்சியைப் புதுப்பிக்கப் போகிறோம், நெரிசலைப் போக்கப் போகிறோம், அழகுபடுத்தப் போகிறோம் என்கிறார்கள். காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. நெரிசலில் நசுங்குகிறவர்கள் நாம்தானே? சாக்கடை நாற்றத்தை முகர்கிறவர்களும் நாம்தானே? ஆகவே புதுப்பிக்கும் வேலைக்கு நாம் விரோதிகள் அல்ல. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் மேலே போகவேண்டும். புதுப்பித்து முடித்த பிறகு அந்த ஊரில் நாம் எங்கே இருப்போம்?

இராத்திரி பதினொரு மணிக்குமேல் காந்தி மார்க்கெட்டைப் பார்த்தவர்களுக்கு அது என்ன இடம் என்று தெரியும். ஒட்டன்சத்திரத்துக் காய்கறி, நீலகிரியின் காரட்டும் உருளைக்கிழங்கும், பெரம்பலூர், துறையூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயம், மராட்டியத்துப் பெரிய வெங்காயம் எல்லாம் லாரி லாரியாக வந்து நிற்கும். ஊர் தூங்குகிற நேரம் அங்கே பட்டப்பகல். தலையிலும் முதுகிலும் மூட்டை ஏறும், இறங்கும். மழை பெய்தால் அழுகிய கோஸ் இலையும் சேறும் சேர்ந்து வழுக்கும். கால் இடறி மூட்டையோடு விழுந்தவனுக்கு அன்றையக் கூலியும் போயிற்று, வைத்தியச் செலவும் வந்தது. விடியுமுன் கூடை எடுக்க வரும் பெண்களுக்கு ஒதுங்க ஒழுங்கான இடம் கிடையாது. இந்த மார்க்கெட்டை இப்படியே விட்டுவிடுங்கள் என்று யாராவது சொன்னால், அவர் அங்கே ஒரு நாளும் மூட்டை தூக்காதவர் என்று அர்த்தம்.

1868-ல் ஏற்பட்ட மார்க்கெட் அது. 1927-ல் விரிவாக்கினார்கள். அதற்குப் பிறகு ஊர் எத்தனை மடங்கு பெருத்துவிட்டது! 1994-ல் திருவரங்கம் முனிசிபாலிடியையும் பொன்மலை முனிசிபாலிடியையும் சேர்த்துக்கொண்டு திருச்சி மாநகராட்சியாயிற்று. இத்தனை பெரிய ஊரின் வயிறு இன்னமும் அந்தப் பழைய சந்துகளுக்குள்தான் இருந்தது என்றால் நெரிசல் வராமல் என்ன செய்யும்?

சரி, மாற்றலாம் என்றார்கள். மதுரை ரோட்டில் கள்ளிக்குடியில் சுமார் 77 கோடி ரூபாய் செலவில் புது மார்க்கெட் கட்டி 2017-ல் திறந்தார்கள். நூற்றுக்கணக்கான கடைகள், அகலமான பாதைகள், குளிர்பதன அறை என்று எல்லாம் இருந்தது. வியாபாரம்தான் வரவில்லை. கடை சரக்கு அடுக்கப் போதாது, ஊரைவிட்டு வெகுதூரம் என்று வியாபாரிகள் மறுத்தார்கள். வழக்கு, பேச்சுவார்த்தை, கெடு, மறுகெடு என்று காலம் போயிற்று. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது காந்தி மார்க்கெட்டைப் பல மாதங்கள் மூடி, மொத்த வியாபாரத்தைப் பொன்மலை ஜி கார்னர் திடலுக்குக் கொண்டுபோனார்கள். வெயிலிலும் மழையிலும் அந்தப் பொட்டலில் மூட்டை தூக்கியவர்களை நாம் மறக்கவில்லை.

இப்போது பஞ்சப்பூர். 2025 மே மாதம் அங்கே பெரிய பஸ் நிலையம் திறப்புவிழா கண்டது. ஜூலையிலிருந்து வெளியூர் பஸ்கள் அங்கேயே வந்து நிற்கின்றன. மொத்தக் காய்கறி மார்க்கெட்டுக்கும் அங்கேதான் இடம் குறித்திருக்கிறார்கள். கள்ளிக்குடியைவிட இது நல்ல இடம் என்பதை மறுப்பதற்கில்லை. லாரிகள் ஊருக்குள் நுழையவேண்டாம். பஸ்ஸும் பக்கத்திலேயே கிடைக்கும்.

ஆனால் கள்ளிக்குடி தோற்றதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் வியாபாரியின் காரணம். கடை சிறியது, வாடிக்கை போய்விடும் என்பது. சுமைதூக்குகிறவனின் காரணத்தை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. அவன் எங்கே குடியிருக்கிறான்? பாலக்கரை, வரகனேரி, தாராநல்லூர், அரியமங்கலம். ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ எழுந்து முகம் கழுவிக்கொண்டு நடந்தே மார்க்கெட்டுக்குப் போய்விடுவான். பஞ்சப்பூர் அங்கிருந்து ஏறத்தாழ ஆறு மைல். அந்த நேரத்தில் எந்த பஸ் ஓடுகிறது? ஆட்டோவுக்குக் கொடுத்தால் கூலியில் மிஞ்சுவது என்ன?

ஆறு மைல் என்பது வெறும் ஆறு மைலும் அல்ல. பாலக்கரையைப் பாருங்கள். சகாயமாதா கோயில் மணி அடிக்கிற அதே தெருக்களில் பாங்கொலி கேட்கும், மாரியம்மன் திருவிழாவும் நடக்கும். கொஞ்சம் தள்ளிச் சௌராஷ்டிரத் தெரு. இன்னும் கொஞ்சம் நடந்தால் நத்தர்வலி தர்கா. பீடி சுற்றுகிறவள், மூட்டை தூக்குகிறவன், தையற்காரர், மீன் விற்கிறவள் எல்லோரும் ஒட்டி ஒட்டிக் குடியிருக்கிறார்கள். வேலை இல்லாத நாளில் கடனுக்கு அரிசி கொடுக்க ஒரு கடைக்காரர் இருக்கிறார். இரண்டு மணிக்குப் புருஷனும் பெண்சாதியும் வேலைக்குப் புறப்பட்டால், அழுகிற குழந்தையைத் தூக்கிவைத்துக்கொள்ள அடுத்த வீட்டுப் பாட்டி இருக்கிறாள். அவள் எந்த மதம் என்று குழந்தை கேட்பதில்லை. இந்த ஏற்பாட்டுக்கு எந்த என்ஜினீயரும் பிளான் போடவில்லை, எந்தச் சர்க்காரும் பணம் கொடுக்கவில்லை. ஜனங்கள் தாங்களாகவே மூன்று நான்கு தலைமுறையில் கட்டிய கட்டிடம் இது. ஒரே உத்தரவில் இடிந்துவிடும்.

நம் ஊருக்குப் புதுப்பித்தல் புதிதல்ல. மேலப்புலிவார்டு ரோடு, கீழப்புலிவார்டு ரோடு என்று சொல்கிறோமே, அங்கே புலி ஏது? 'புல்வார்' என்ற பிரெஞ்சு வார்த்தை இங்கிலீஷ்காரன் வாயில் நுழைந்து, நம் வாய்க்கு வந்து புலியாகிவிட்டது. கோட்டையைச் சுற்றிலும் மதிலும் அகழியும் இருந்தன. கர்நாடகச் சண்டைகளில் எத்தனையோ பேர் ரத்தம் சிந்திய இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, அகன்ற ரோடுகளைப் போட்டார்கள். மெயின்கார்டு கேட் மிஞ்சி நிற்கிறது. மதில் போனது நல்லதுதான். ஆனால் மதிலுக்கு உள்ளே இருந்த தெருவின் விலையும் வெளியே இருந்த தெருவின் விலையும் ஒன்றாகிவிட்டனவா? இன்றைக்கும் தெப்பக்குளம் பக்கம் ஒரு சதுர அடி கேட்டுப் பாருங்கள், மதில் எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும்.

அதே நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தை ஹாஸ்மான் என்ற அதிகாரி 1853 முதல் 1870 வரை இடித்து இடித்துக் கட்டினார். நேரான அகன்ற வீதிகள், ஒரே சீரான மாளிகைகள், பூங்காக்கள். சாக்கடையும் குடிநீர்க் குழாயும் வந்தன என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் நடு ஊரிலிருந்த தொழிலாளிகள் வாடகை தாங்காமல் ஊரின் ஓரத்துக்கு ஓடினார்கள். 1872-ல் குடியிருப்புப் பிரச்சினையைப் பற்றி எழுதிய ஏங்கெல்ஸ், இந்த வைத்தியம் நோயைத் தீர்ப்பதில்லை, வேறு தெருவுக்கு மாற்றிவிடுகிறது என்று காட்டினார். சென்னைக்குப் போய்வந்தவர்கள் கண்ணகி நகரையும் செம்மஞ்சேரியையும் பெரும்பாக்கத்தையும் பார்த்திருப்பீர்கள். கூவம் கரையிலிருந்தவர்களை வீடு தருகிறோம் என்று அங்கே கொண்டுபோனார்கள். வீடு கிடைத்தது. வேலை பழைய ஊரிலேயே நின்றுவிட்டது.

பாரிஸும் சென்னையும் இருக்கட்டும். நம் பொன்மலையை எடுத்துக்கொள்வோம். நாகப்பட்டினத்திலும் போத்தனூரிலும் இருந்த ரயில்வே பட்டறைகளை ஒன்று சேர்த்துத் தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1920-களின் பிற்பகுதியில் பொன்மலையில் பெரிய பட்டறை கட்டியது. நேர்கோடு பிடித்தாற்போல் தெருக்கள், மரங்கள், குடியிருப்புகள். வெள்ளைக்காரத் துரைக்கு தோட்டத்தோடு பங்களா, தொழிலாளிக்கு அறையும் தாழ்வாரமும். பட்டறைக் கேட்டுக்கு நடந்து போகிற தூரம்; சங்கு ஊதினால் வீட்டில் கேட்கும். கம்பெனிக்குத் தொழிலாளி மேல் அன்பு பொங்கி இதைச் செய்யவில்லை. பட்டறைக்குப் பக்கத்தில் ஆள் இருந்தால்தான் வேலை ஓடும் என்ற கணக்கு அந்நிய முதலாளிக்குத் தெரிந்திருந்தது. நம்முடைய இன்றைய திட்டக்காரர்களுக்கு அந்தக் கணக்குகூட மறந்துபோயிற்று.

பொன்மலையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. இடம் மாற்றுகிற சாக்கில் கம்பெனி ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தது. அதை எதிர்த்துத்தான் 1928-ல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம் மூண்டது. சிங்காரவேலர் சிறைக்குப் போனார். பழைய இடத்தில் இருந்த பெயர்களில் எத்தனை பெயர் புதிய இடத்தின் பதிவேட்டில் ஏறும் என்பதே அன்றைய வழக்கு. பட்டறை இன்றும் இருக்கிறது. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினே செய்து கொடுத்த கைகள் அங்கே உண்டு. 1946 செப்டம்பர் 5-ந் தேதி துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தோழர்கள் விழுந்த மண்ணும் அதுதான். சங்கத் திடலுக்குப் போகிற வழியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையையும் பாருங்கள். கம்பெனியின் நேர்கோட்டுத் தெருக்களுக்குள் ஜனங்கள் தாங்களே இடம் பிடித்துக்கொண்டது அது.

காவிரியைத் தாண்டித் திருவரங்கத்துக்கு வந்தால் விஷயம் வேறு மாதிரி. ஏழு பிராகாரம், இருபத்தொரு கோபுரம். பல நூற்றாண்டு மொட்டையாக நின்ற ராஜகோபுரம் 236 அடி உயரத்துக்கு 1987-ல் முடிந்தது. கோயில் கட்டிடங்களைப் பழுதுபார்த்த வேலைக்கு 2017-ல் யுனெஸ்கோ பரிசும் கிடைத்தது. சுண்ணாம்பு அரைத்தவரும் சாரம் கட்டியவரும் நம்மவர்கள்தான்; அதில் நமக்குப் பெருமையே. ஆனால் திருவரங்கம் கோயில் மட்டும் அல்ல, ஊரே பிராகாரத்துக்குள் குடியிருக்கிறது. சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் திண்ணை, முற்றம், கொல்லை என்று நீண்டு கிடந்த வீடுகள் ஒவ்வொன்றாக லாட்ஜாகவும் அடுக்கு வீடாகவும் மாறுகின்றன. திண்ணை போயிற்றே என்று சிலர் கண்ணீர் விடுகிறார்கள். அந்தத் திண்ணையில் யார் யாரை உட்காரவிட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். இருந்தாலும் முற்றத்தின் காற்றும் வெளிச்சமும் நல்ல சரக்கு. காற்றுப் புகாத அடுக்கு வீட்டைக் கட்டிவிட்டு அதற்குப் பெயர் நாகரிகம் என்பதை ஏற்கமுடியாது.

அங்கே உண்மையான சிக்கல் அடிமனை. வீடு நம்முடையது, கீழே உள்ள மண் கோயிலுடையது என்கிறார்கள். முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட மண்ணைப் பற்றிய தகராறு அது. தலைமுறையாக வரி கட்டிக் குடியிருப்பவர்களுக்குப் பத்திரப்பதிவு தடைப்பட்டது. விற்க முடியாது, அடமானம் வைத்துக் கூரை மாற்ற முடியாது. பெரிய வீட்டுக்காரர் வக்கீல் வைத்துக்கொள்வார். பூ கட்டிப் பிழைக்கிறவளும், சாத்தார வீதிப் பூச்சந்தையில் கூடை சுமக்கிறவனும், ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கிற சமையல்காரரும் என்ன செய்வார்கள்? சுவர் விழும்வரை காத்திருப்பார்கள். கோயில் சொத்தைப் பெரிய கைகள் விழுங்கவிடக்கூடாது என்பதில் இரண்டு கருத்தில்லை. அதே சமயம், சிறு குடியிருப்புக்காரனுக்கு நியாயமான விலையையோ வாடகையையோ நிர்ணயித்து மனையை உறுதி செய்யாமல் திருவரங்கத்தைப் புதுப்பிப்பது என்பது நடவாத காரியம். நாளைக்கு யாருடையது என்று தெரியாத வீட்டுக்கு யார் சுண்ணாம்பு அடிப்பார்கள்?

விவசாயத் தொழிலாளத் தோழர்கள் இது ஊர்க்காரன் பிரச்சினை என்று நினைத்துவிடக்கூடாது. உய்யக்கொண்டான் வாய்க்கால் சோழர் காலத்தது. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, திருச்சி ஊருக்குள் புகுந்து, திருவெறும்பூர்ப் பக்கத்து வயல்களுக்குப் போகிறது. 2017-ல் திருச்சி 'ஸ்மார்ட் சிட்டி'ப் பட்டியலில் சேர்ந்தது. 2025 மார்ச்சோடு அந்தத் திட்டமும் முடிந்தது. இந்தக் காலத்தில் வாய்க்கால் கரையில் நடைபாதையும் விளக்கும் வந்தன. கரை அழகாயிற்று. ஆனால் ஊர்ச் சாக்கடையின் ஒரு பகுதி தண்ணீரோடு சேர்ந்து கீழ்ப்பக்கம் போய்க்கொண்டே இருந்தது. நாற்று நடுகிறவள் முழங்கால் அளவு அதிலேதான் நிற்கிறாள். காலில் அரிப்பும் புண்ணும் அவளுக்குத்தான். நகரத்தைப் புதுப்பிக்கிற கணக்கில் அவள் காலையும் சேர்க்கவேண்டும்.

மார்க்கெட் விஷயத்துக்குத் திரும்புவோம். அதில்தான் இப்போது நம் கையில் நேரம் இருக்கிறது.

மொத்த மார்க்கெட்டை ஊருக்கு வெளியே கொண்டுபோன அனுபவம் இந்த நாட்டில் உண்டு. பம்பாயின் பழைய மொத்தச் சந்தைகள் நெரிசல் தாங்காமல் கட்டம் கட்டமாக வாஷிக்குப் போயின. அங்கே மூட்டை தூக்குகிறவர்களை மாத்தாடித் தொழிலாளர் என்பார்கள். போராடி 1969-லேயே தங்களுக்கென்று ஒரு சட்டம் வாங்கிவைத்திருந்தார்கள். அதன்படி தொழிலாளியின் பெயர் வாரியத்தின் பதிவேட்டில் இருக்கும். வியாபாரி கூலியை வாரியத்தில் கட்டுவார். அதற்குமேல் ஒரு வரிப்பணமும் கட்டுவார். அதிலிருந்து வருங்கால வைப்பும் விடுமுறைச் சம்பளமும். ஆகவே மார்க்கெட் நகர்ந்தபோது பதிவேடும் கூடவே நகர்ந்தது. கோபர்கைரனே, கன்சோலிப் பக்கம் மாத்தாடிகளுக்கு வீடுகளும் எழுந்தன. குறை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யாரோ புதிய காண்ட்ராக்டர் புதிய ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிவிட முடியவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

நம்மிடம் 1982-ம் வருஷத்து உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது, நல வாரியம் இருக்கிறது. அட்டை எத்தனை பேரிடம் இருக்கிறது? இருக்கிறவர்கள் புதுப்பித்துவைத்திருக்கிறீர்களா? தெருவில் கூடை வைத்து விற்கிற தாய்மார்களுக்கு 2014-ம் வருஷத்துச் சாலையோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்பு முடியாமல் ஒருவரையும் எழுப்பக்கூடாது என்கிறது அது. இடம் மாற்றினால் முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்கவேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 2021 டிசம்பரில் புதிய சத்திரம் பஸ் நிலையம் திறந்தபோது கட்டிடத்தின் கண்ணாடியையும் கூரையையும் எல்லோரும் புகழ்ந்தோம். வாழைப்பழக் கூடைக்காரி எங்கே உட்காருவாள் என்று வரைபடம் மேஜைமேல் விரிந்திருந்த நாளில் கேட்டிருக்கவேண்டும். கட்டி முடித்தபிறகு கேட்டால் போலீஸ்காரர்தான் பதில் சொல்வார்.

ஆகவே பஞ்சப்பூர் வரைபடத்தை இப்போதே கேட்போம். அதில் நாம் பார்க்கவேண்டியது கோபுரமும் வளைவும் அல்ல. லாரித் தட்டின் உயரத்துக்கு மேடை இருக்கிறதா? இருந்தால் மூட்டையைத் தரையிலிருந்து தூக்கவேண்டாம், நேரே தள்ளுவண்டியில் இழுக்கலாம். எத்தனையோ பேரின் முதுகெலும்பு பிழைக்கும். தரை வழுக்காத தரையா? மழைத் தண்ணீரும் அழுகலும் ஓடச் சரிவு வைத்திருக்கிறார்களா? கூரை உயரமாக, வெக்கை மேலே போகிற மாதிரி இருக்கிறதா? பெண்களுக்குக் கழிப்பறை எத்தனை, இராத்திரியும் திறந்திருக்குமா? இரண்டு மூட்டைக்கு நடுவே கால் நீட்ட ஒரு கூடம், பிள்ளையைப் படுக்கவைக்க ஒரு அறை உண்டா? கட்டிடக் கலை என்றால் நமக்கு இதுதான். வியன்னா நகரசபை 1923-லிருந்து பத்தே வருஷத்தில் பணக்காரர்மேல் வரி போட்டு அறுபதாயிரம் வீடுகளுக்குமேல் தொழிலாளிகளுக்குக் கட்டியது. 1930-ல் திறந்த கார்ல் மார்க்ஸ் மனை அரை மைலுக்குமேல் நீளம். அதில் துணி வெளுக்கும் கூடமும், குழந்தைகள் பள்ளியும், பல் வைத்தியமும் வரைபடத்திலேயே இருந்தன. நாம் கேட்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மார்க்கெட் நகருமுன் காந்தி மார்க்கெட்டில் இன்று மூட்டை தூக்கும் ஒவ்வொருவர் பெயரும் பட்டியலில் ஏறவேண்டும். ஆணும் பெண்ணும். பட்டியல் மாநகராட்சியிலும் தொழிலாளர் அலுவலகத்திலும் இருக்கவேண்டும். வியாபாரியின் சட்டைப்பையில் அல்ல. பஞ்சப்பூரைச் சுற்றி மனை விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. அதற்குள் சர்க்கார் நிலத்தில் ஒரு பகுதியைச் சுமைத்தொழிலாளர் வாடகை வீடுகளுக்கு ஒதுக்கச் சொல்லவேண்டும். போக விருப்பமில்லாதவர்களைப் பாலக்கரையிலிருந்து யாரும் கிளப்பக்கூடாது. அவர்களுக்கு பஸ் வேண்டும். காலியாகும் காந்தி மார்க்கெட் இடத்தில் பெரிய வணிக மாளிகை எழுப்பும் யோசனை வந்தால், சில்லறை வியாபாரிகளின் இடம் முதலில் எழுதப்பட்ட பிறகே பேசலாம்.

மனுவில் முதல் கேள்வியாக எதை எழுதுவது என்று சில தோழர்கள் கேட்டார்கள். எளிய கேள்வியாகவே எழுதுங்கள். அரியமங்கலத்தில் புறப்பட்டு, வரகனேரி, பாலக்கரை வழியாகப் பஞ்சப்பூருக்கு, இராத்திரி ஒன்றரை மணிக்கு முதல் பஸ் எந்தத் தேதியிலிருந்து ஓடும்? திரும்பிவர காலை எட்டு மணிக்கு எத்தனை பஸ்? டிக்கெட் எவ்வளவு? பதிலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.